இங்கே ஓடாத கசெட்

என் மகனே,

வியாழக்கிழமை விமான நிலையத்தில் இதை உன் கையில் தருவேன். சூட்கேசுக்குள் வைத்தால் ஒரு மாதத்துக்கு நீ அதன் அடியைக் காணமாட்டாய் என்று எனக்குத் தெரியும். விமானம் ஏறி, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, எழும்பிப் போக வழியில்லாத இடத்தில் இருந்து வாசி. கூடவே ஒரு மண்ணிறப் பார்சலும் தருவேன். அதை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பிரி. இப்போது நீ இல்ஃபோர்டுக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாய், நீ படிக்கப் போகிற கனடாவின் சுவருக்குப் பொருந்துகிற பிளக் வாங்க. நான் குசினி மேசையில், நீ கழுவாமல் வைத்துவிட்டுப் போன கோப்பைக்குப் பக்கத்தில் இருந்து, ஒன்பது வருடம் பிந்திவிட்ட ஒரு கடிதத்தை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நீ அதைச் சொன்ன விதம்தான் என்னை இதற்குள் தள்ளியது. "போய் இறங்கி நாலாம் நாள் ஒரு கேம் இருக்காம், அம்மா. லேபர் டே. டொரோண்டோவும் ஹமில்டனும். அங்க என்னோட ஃபிளாட்டில இருக்கப்போற பெடியள் எனக்கும் டிக்கெட் எடுத்திட்டாங்கள். முகத்துக்கு என்ன கலர் பூசுறது எண்டு இப்பவே ஈமெயில் அடிக்கிறாங்கள், விசரங்கள்." அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். நான் ஏற்கெனவே கழுவிய சோற்றுப் பானையை மறுபடி கழுவப் போனேன். "நீ என்ன கலர் பூசப் போறாய்?" என்று அப்பாதான் மெல்லக் கேட்டார். "எனக்கு ஒரு கலரும் இல்லை. போனாப் போறன். பாப்பம்" என்றாய்.

பாப்பம். பத்து வயதிலிருந்து உன் வாயில் இருக்கிற சொல் அது. பிறந்தநாள் வருகிறதா, பாப்பம். ஏ லெவல் ரிசல்ட் வருகிறதா, பாப்பம். உனக்குப் பிடித்த பிள்ளை ஒருத்தி சனிக்கிழமை வருகிறேன் என்று சொன்னபோதும், நீ அவள் வராமல் விட்டால் செய்வதற்கு ஒரு வேலையை முன்கூட்டியே தேடி வைத்துக்கொண்டாய், நான் கவனித்தேன். என்ன நிதானமான பிள்ளை என்று கோயிலில் என்னிடம் சொல்லுகிறார்கள். நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். அது நிதானம் இல்லை, மகனே. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் உனக்குச் செய்ததன் தழும்பு அது. அந்தக் காலையைச் சொல்லுவதற்கு முன்னால் உன் நேசன் மாமாவைச் சொல்ல வேண்டும். நீ அவரை மறந்துவிட்டது போல நடக்கிறாய். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் இருபது வயதில் உன்னைப் பெற்றவள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் கல்யாணம், மூன்றாம் வருடம் நீ, அதற்கு அடுத்தது நாட்டை விட்டு ஓட்டம். மீதிப் படிப்பை இங்கே பாலிடெக்னிக்கில் முடிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தபோது, உன்னைப் பார்க்க ஆள் இல்லை. அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட். எண்பத்தைந்தில் என் தம்பி நேசன் ஒரு கைப்பையோடு லண்டனில் இந்தக் குட்மேய்ஸ் வீட்டுக்கு வந்து நின்றான். அவனுக்கு இருபத்திரண்டு வயது, உனக்கு ஐந்து. இரண்டு வருடம் உனக்குத் தலை சீவி இழுத்ததும், சப்பாத்து நாடா கட்டப் பழக்கியதும், பள்ளிக்கூட வாசலில் வெள்ளைக்காரத் தாய்மாருக்கு நடுவில் தனி ஆணாக நின்றதும் அவன்தான். இங்கத்தைய உள்துறை அலுவலகம் அவனுடைய அகதி விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளியது. கடைசியில் கனடாவுக்குப் போனான். நீ அவனுடைய கால்சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாய். "மருமோன், விடு. பையில ஒண்டும் இல்லை, அதையும் கிழிச்சுப் போடாதை" என்றான் அவன். எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

ஸ்காபரோவில் பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவனுக்கு இரவு வேலை. அவனுடைய இடைவேளை அங்கே விடியப்புறம் இரண்டரை. இங்கே எங்களுக்குக் காலை ஏழரை. செவ்வாயும் சனியும் அந்த நேரத்துக்கு மணி அடிக்கும். படிக்கட்டின் அடியில், சின்ன மேசையில் இருந்த ரெலிபோனை நீதான் ஓடிப்போய் எடுப்பாய். அப்படித்தான் அந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. கனடாக்காரர் ஃபுட்போல் என்று சொல்லுகிற, முட்டை மாதிரிப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற விளையாட்டு. உன் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அது தெரியாது. உனக்கு அதுவே பெருமையாக இருந்தது. "பன்னிரண்டு பேர், மருமோன். அமெரிக்காக்காரனுக்குப் பதினொண்டு. அவனுக்கு நாலு தரம் குடுப்பாங்கள், எங்களுக்கு மூண்டு தரம்தான். அதுக்குள்ள பத்து யார்ட் தூரம் போகவேணும். போகாட்டி பந்தைக் குடுத்திட்டு நடையைக் கட்டவேணும்." நான் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "உன்ர அகதிக் கேஸ் மாதிரி" என்றேன். அந்தப் பக்கம் அவன் இருமும் வரைக்கும் சிரித்தான். "ஓம் அக்கா, மூண்டு அப்பீல், பிறகு வெளியால!"

அவன் டொரோண்டோ பக்கம், நீலம். அதனாலேயே நீ ஹமில்டன் பக்கம், மஞ்சளும் கறுப்பும். அந்த இரண்டு ஊருக்கும் ஒருவரை ஒருவர் கண்ணில் காட்டக் கூடாதாம். செப்டம்பர் முதல் திங்கள் வருகிற லேபர் டே அன்று மோதுவதற்காகவே வருடம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்களாம். உனக்குப் பத்து வயதான அந்தக் கோடை விடுமுறை முழுக்க இந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. காலைச் சாப்பாட்டுப் பெட்டி அட்டையில் நீ மைதானம் கீறி, பருப்பை ஒரு பக்க ஆட்களாகவும் கடலையை மறுபக்க ஆட்களாகவும் அடுக்கி, என்னைக் குசினிக்குள் விடாமல் வைத்திருந்தாய். நான் மஞ்சளும் கறுப்புமாக இரண்டு ஸ்கார்ஃப் பின்னினேன். ஒன்று உனக்கு, மற்றதை மாமாவைச் சீண்டுவதற்காகவே தபாலில் அனுப்பச் சொன்னாய். "எடேய், இதைப் போட்டுக்கொண்டு நான் ஸ்காபரோவில நடந்தால் உதைப்பாங்கள்!" என்று கத்தினான். "அப்ப ஹமில்டனுக்குப் போட்டுக்கொண்டு போங்கோ, மாமா. அங்க ஒருத்தரும் உதைக்கமாட்டினம்" என்றாய் நீ. அப்படித்தான் அந்த வாக்கு பிறந்தது. மாமா அந்த ஸ்கார்ஃபைப் போட்டுக்கொண்டு ஹமில்டன் மைதானத்துக்கே போவார். கூட இருக்கிற குகனிடம் கலியாண வீடியோ எடுக்கிற கமரா இருந்தது, அதைக் கொண்டுபோய் உனக்காகப் படம் பிடிப்பார். அடுத்த நாள் செவ்வாய், ஏழரைக்கு, யார் வென்றது என்று உனக்குத்தான் முதலில் சொல்லுவார். தோற்றவர் ஒரு கோப்பை பாவக்காய்க் கறி சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்காமல், ரெலிபோனில் மற்றவருக்குச் சப்புகிற சத்தம் கேட்க.

இப்போது நான் உனக்கு ஒருநாளும் சொல்லாத சனிக்கிழமையைச் சொல்லுகிறேன். அந்தத் திங்களுக்கு முந்தின சனி. ஏழரைக்கு அவன் எடுக்கவில்லை, நீ பார்த்திருந்துவிட்டு அப்பாவோடு நீச்சலுக்குப் போயிருந்தாய். அதற்குப் பிறகுதான் மணி அடித்தது, நான் எடுத்தேன். அவனுடைய குரல் களைத்திருந்தது. "அக்கா, ஞாயிறு இரவும் வரச் சொல்லுறாங்கள். திங்கள் இரவும் வேலை. இடையில ஹமில்டனுக்குப் போய் வந்தால் நித்திரை கொள்ள நேரமில்லை. நான் ரீவியில பதிஞ்சு அனுப்பிவிடட்டே? மருமோனுக்கு ஒரு மாதிரிச் சொல்லிவிடு." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ படு, தம்பி, அவனுக்கு நான் சொல்லுகிறேன் என்றுதானே. அன்று எனக்கு என்ன வந்ததோ. நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க எழுதுகிற பதினொரு பிளஸ் சோதனை இரண்டு மாதத்தில். நீ மனம் உடைந்துபோனால் படிக்கமாட்டாய் என்ற பயம். எனக்கு எல்லாவற்றிலும் பயம்தான் முதலில் வரும், இப்போதும் அப்படித்தான். "வாக்குக் குடுத்தா நிறைவேத்து, இல்லாட்டிக் குடாதை. பிள்ளை ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு படுக்கிறான். பெரிய ஆம்பிளை, ஒரு நாள் நித்திரை முழிக்கேலாதே உனக்கு?" என்று ஏசினேன். பிறகு, "சரி சரி, போறன். ஏசாதை அக்கா" என்றான். அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது.

செவ்வாய் விடியப்புறம் ஐந்து மணிக்குக் குகன் ரெலிபோன் எடுத்தான். நேசன் மைதானத்துக்குப் போனான், மாட்சைப் பார்த்தான், திரும்பி வருகிற வழியில் கார் ரோட்டை விட்டு விலகிப் பாலத் தூணில் மோதிவிட்டது. வேறு ஒருவருக்கும் காயமில்லை. நித்திரையாகியிருக்க வேண்டும் என்று பொலிஸ் சொல்லுகிறது. குகன் அழுதுகொண்டே இதைத்தான் மூன்று தரம் சொன்னான். நான் அழவில்லை. ரிசீவரை வைத்தேன். வைத்த உடனே முதலில் செய்தது என்ன தெரியுமா? ரெலிபோன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். செய்தி பரவிவிட்டால் ஒவ்வொருவராக எடுத்து அழுவார்கள், நீ எடுத்துவிடுவாய் என்ற பயம்.

ஏழு மணிக்கு நீ எழும்பி வந்தாய். புது வகுப்பின் முதல் நாள். பள்ளிக்கூட உடுப்புக்கு மேலே ஸ்கார்ஃப். கீழ்ப் படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, "அம்மா, மணி அடிச்சா நான்தான் எடுப்பன். நீங்க தொடக்கூடாது" என்றாய். நான் குசினியில் உன் சாண்ட்விச்சை வெட்டிக்கொண்டிருந்தேன். ஏழரை ஆனது. ஏழு நாற்பது. அப்பா ரிசீவரைத் தூக்கிப் பார்ப்பது போல வந்தார். எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. "தூக்காதேங்கோ, அப்பா! மாமா எடுக்கேக்க லைன் பிஸியா இருக்கும்" என்று நீ அவருடைய கையைத் தட்டிவிட்டாய். வயர் மேசைக்குப் பின்னால், சுவரோரம், பாம்புச் சட்டை மாதிரிக் கிடந்தது. நீ பார்க்கவில்லை. அடிக்கவே முடியாத ஒரு ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு ஏழரைக்குப் பிறகும் நீ ஐம்பது நிமிடம் இருந்தாய். நான் வாசல்நிலையில் நின்று உன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு இருபதுக்கு ஸ்கார்ஃபைக் கழற்றி மடித்துப் படியில் வைத்துவிட்டு, "மறந்திட்டார் போல" என்றாய். "வேலை கூடவாக்கும்" என்றேன் நான். என் முதல் பொய் அது. மற்றவை எல்லாம் அதன் குட்டிகள்.

பின்னேரமே தோர்ண்டன் ஹீத்திலிருந்து அப்பாவின் அக்கா, உன் மாமி வந்தா. என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவதான் தீர்ப்புச் சொன்னது: "பிள்ளையின்ர சோதினை முடியட்டும். செத்தவன் திரும்பி வரப்போறானே? சோதினையும் திரும்பி வராது." எங்கள் ஆட்களுக்கு இது பழக்கம்தானே. சோதனை முடியட்டும், பிரசவம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று சாவை வாசலில் நிறுத்தி வைப்போம். அப்பா தலையாட்டினார். படித்த நானும் தலையாட்டினேன். நீ பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சனம் துக்கம் விசாரிக்க வந்தது. மூன்று மணிக்கு முன் எழும்பிப் போனது. ஒருநாள் நீ வந்து குசினியைப் பார்த்து, "ஏன் இவ்வளவு கோப்பை, அம்மா?" என்று கேட்டாய். "கறை பிடிச்சிட்டுது, எல்லாத்தையும் கழுவினனான்" என்றேன். முப்பத்தோராம் நாள் கிரியையை மாமி வீட்டில் வைத்தோம். உன்னைப் பக்கத்து வீட்டில் கணக்குத் தாள்களோடு விட்டுவிட்டுப் போனோம். நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழப் பழகினேன். அப்படி அழுதால் சத்தம் கேட்காது, மூக்கு மட்டும் சிவந்திருக்கும். சளி, தடிமன் என்று சொல்லலாம்.

நீயோ ஒவ்வொரு செவ்வாயும் சனியும் படியில் இருந்தாய். வயரைத் திரும்பச் செருகிவிட்டேன், அதனால் என்ன. மூன்றாம் கிழமை, "மாமாட நம்பரைத் தாங்கோ, நான் எடுக்கிறன்" என்றாய். "வீடு மாறிட்டார், புது நம்பர் தெரியாது" என்றேன். ஒக்டோபர் விடுமுறையில் ஸ்கார்ஃபைக் குப்பைவாளிக்குள் போட்டாய். பிறகு மேசையில் இருந்து, பென்சிலால், இங்கிலிஷில் ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு, "பழைய அட்ரசுக்கு அனுப்புங்கோ, ஆரும் குடுப்பினம்" என்று என்னிடம் தந்தாய். நான் அதைத் திறந்து வாசித்தேன். நீங்கள் வாக்குத் தந்தீர்கள் என்று எழுதியிருந்தாய். நீங்கள் ஒரு பொய்க்காரன் என்று எழுதியிருந்தாய். இனி நான் உங்கள் மருமகன் இல்லை, எனக்குப் பதில் எழுத வேண்டாம். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: பின்குறிப்பு, யார் வென்றது?

நீ சோதனை பாஸ் பண்ணினாய். நான் செய்ததுதான் சரி என்று எல்லோரும் சொன்னார்கள். தைமாதம் ஒரு ஞாயிறு, அப்பா பக்கத்தில் இருக்க, மாமா செத்துப்போனார், ஹார்ட் அட்டாக், போன கிழமை என்று சொன்னேன். போன கிழமை என்று! அந்த ஒரு சொல்லால் உன் மாமாவை நான்கு மாதம் உயிரோடு வைத்து, அந்த நான்கு மாதமும் உனக்கு ஒரு கோலும் எடுக்காத மனிதனாக ஆக்கினேன். நீ அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாய். "என்ர லெட்டர் கிடைச்சதாமே? வாசிச்சவரே?" மகனே, அந்த நேரம் உண்மையைச் சொல்ல ஒரு கதவு திறந்தது. எனக்குத் தெரிந்தது. ஆனால் கடிதத்தை நான் அனுப்பவில்லை என்றால், ஏன் என்று கேட்பாய். ஏன் என்றால், சாவு எப்போது என்று வரும். எப்போது என்றால், எப்படி என்று வரும். எப்படி என்றால், அவனை அந்த ரோட்டுக்கு அனுப்பியது யார் என்று வரும். "வாசிச்சிருப்பார்" என்றேன். நீ எழும்பி மேலே போய்க் கதவைச் சாத்தினாய். உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. என்னைத்தான் காப்பாற்றினேன், உன்னைக் குடுத்து.

ஆகவே முதலில் இது: உன் கடிதம் இந்த வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. மாமா அதைப் பார்க்கவில்லை. அவர் செத்தபோது நீ அவருடைய மருமகன்தான். கடிதம் பார்சலுக்குள் இருக்கிறது. கிழிப்பதோ வைத்திருப்பதோ உன் விருப்பம்.

இரண்டாவது, அந்தக் கசெட். அந்த மாசியில் குகன் ஒரு கலியாணத்துக்கு வந்த ஆளிடம் ஒரு வீடியோ கசெட் கொடுத்துவிட்டிருந்தான். காரில் கிடந்த கமராவில் இருந்ததை அவன் பிரதி எடுத்திருந்தான். நீ பள்ளிக்கூடம் போன பிறகு ஜன்னல் திரையை மூடிவிட்டு மெசினில் போட்டேன். அந்த நாட்டுக் கசெட் எங்கள் மெசினுக்குப் பொருந்தாது என்று எனக்கு அப்போது தெரியாது. படம் சாம்பல் கோடுகளாக மேலிருந்து கீழே உருண்டுகொண்டே போனது. கோடுகளுக்குள் யாரோ கை காட்டுகிற மாதிரி இருந்தது. குரல் மட்டும் வந்தது. ஆனால் இழுபட்டு, கனத்து, கிணற்றின் அடியிலிருந்து பேசுகிற மாதிரி. "ம...ரு...மோ...ன்." நான் நிறுத்திவிட்டேன். அந்தக் குரல் நிற்கவில்லை. தண்ணீர்க் கேத்தில் கொதிக்கத் தொடங்கும்போது வரும். நான் வேலை செய்கிற ஆய்வுகூடத்தில் மெசின் சுழன்று வேகம் குறைந்து ஓயும்போது வரும். ரயில் குட்மேய்ஸில் பிரேக் பிடிக்கும்போது, ம...ரு...மோ...ன் என்று. நான் இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி நடந்து வந்த நாட்கள் உண்டு.

அதே கிழமை நீ அலமாரியில் அந்தக் கசெட்டைக் கண்டாய். உறையில் கனடா விலாசம். "இது மாமாட கசெட்டே?" என்றாய். "குகன் அனுப்பினது. கனடாக் கசெட் எங்கட மெசினில ஓடாது" என்றேன். நான் சொன்ன பொய்களுக்குள் இது ஒன்றுதான் முழு உண்மை. அதனால்தான் நீ நம்பினாய்.

போன வருடம், நீ பல்கலைக்கழகத்துக்குப் போய் வீடு வெறிச்சென்று ஆன பிறகு, வெம்பிளியில் கலியாண வீடியோ எடுக்கிற ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். எல்லா நாட்டுக் கசெட்டும் ஓடுகிற மெசின் அவரிடம் இருந்தது. "என்ன அக்கா, கலியாண வீடோ?" என்று கேட்டுக்கொண்டு போட்டார். திரையில் முகம் வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தவர், "நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன், ஆறுதலாப் பாருங்கோ" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். நல்ல மனிதன். அரை மணித்தியாலம் வெளியே வரவில்லை.

மகனே, அவன் போனான். மைதானத்துக்கு வெளியே கார் நிறுத்துகிற இடம், நல்ல வெயில். நீலச் சட்டைக்கு மேலே நான் பின்னின மஞ்சள் ஸ்கார்ஃப். இரண்டு பக்கத்து ஆட்களும் அவனைப் பார்த்துக் கூச்சல் போடுகிறார்கள். யாருடைய ஆள் நீ என்று நீலக்காரரும் கேட்கிறார்கள், மஞ்சள்காரரும் கேட்கிறார்கள். சொசேஜ் சுடுகிற புகை. முகம் முழுக்க மஞ்சள் பூசின ஒரு தடித்த மனிதரைப் பிடித்துக் கமராவுக்கு முன்னால் நிறுத்தி, லண்டனில் இருக்கிற என் மருமகன் உங்கள் பக்கம், ஒரு ஹலோ சொல்லுங்கள் என்கிறான். அந்த மனிதர் உன் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, மூன்றும் பிழைத்து, கடைசியில் ஒரு முத்தம் கொடுக்கிறார். இன்னும் தொடங்கவில்லை, மருமோன், சனம் பொறுக்கமாட்டாமல் நிக்குது, சத்தத்தைக் கேள், என்று கமராவை உயர்த்திப் பிடிக்கிறான். கண் சிவந்திருக்கிறது. நித்திரை இல்லாத கண். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. உனக்கு வேறு எல்லாம் தெரியட்டும்.

அந்தக் கசெட்தான் பார்சலில். இங்கே ஓடாத அது அங்கே எந்த வீட்டு மெசினிலும் ஓடும். திங்களுக்கு முன்னால் பார். கடைசி இரண்டு நிமிடம் மாட்ச் முடிந்து காருக்கு நடந்துகொண்டே பேசுகிறான். யார் வென்றது, யார் பாவக்காய் சாப்பிட வேண்டும் என்று அவனே சொல்லுகிறான். நான் அதை எழுதமாட்டேன். ஒன்பது வருடம் காத்திருந்தாய், இன்னும் இரண்டு நாள் காத்திரு. இந்தத் தரம் பதில் வரும்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்தி ஒன்றும் இல்லை. ஹமில்டனுக்குப் போ. ஏதோ ஒரு நிறத்தைப் பூசு. திரும்பி வரும்போது ஓட்டுகிறவனுக்குக் கண் செருகினால் ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கிவிடு. உன்னைப் பயந்தவன் என்று சிரித்தால் சிரிக்கட்டும், என் மகன் என்று சொல்லு. யாரையும் ஏசி ஒரு வாக்கைக் காப்பாற்ற வைக்காதே. நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் வந்தால், அவர்களுடைய சோதனையைவிட அவர்களுடைய ஆட்களின் சாவுகள் அவர்களுக்குச் சொந்தம் என்று நினை. அழுதுகொண்டே பாஸ் பண்ணுவார்கள், பண்ணாவிட்டாலும் பரவாயில்லை. "நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்" என்று ஞாயிறு இரவு அப்பா சொன்னார். அவர் சொல்ல வேண்டாம். வயரைப் பிடுங்கியது நான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கசெட்டின் கடைசியில், காருக்குள் ஏறி, கமராவைத் தன் பக்கம் திருப்பி, மாமா உன்னிடம் ஒரு வேலை தருகிறான். "மருமோன், அக்காட்டச் சொல்லு, நான் போனனான் எண்டு. இனி ஏசமாட்டா." அதோடு படம் நின்றுவிடும். அது உன்னிடம் தந்த செய்தி. நான் திருடிக் கேட்டுவிட்டேன், ஆனால் இன்னும் எனக்கு வந்து சேரவில்லை. நீ என்னோடு கோபித்துக்கொள். நீண்ட காலம் கோபித்துக்கொள், உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் பார்த்து முடித்ததும் ஒரு தரம் ரெலிபோன் எடுத்து, மாமா சொல்லச் சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு வை. இங்கே என்ன நேரம் என்று பார்க்காதே. நான் கீழ்ப் படியில் இருப்பேன். வயர் சுவரில் இருக்கிறது. இப்போதுகூட எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அம்மா